சாமி கொடுத்த சாம்பிள்

கார்த்திகை பிறந்ததும் நானும் மாலை போட்டேன். சபரிமலை ஐயப்பன்மேல் உள்ள பக்தியைவிட, ஊரே நம்மைச் சாமி என்று கூப்பிடும் என்கிற ஆசைதான் முந்திக்கொண்டு நின்றது. இதை இப்போது சொன்னால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். கம்பெனியில் மேனேஜர்கூட "வாங்க சாமி" என்றார். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? தலைகால் புரியவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் எங்கள் லோடுமேன் இருப்பான். காண்ட்ராக்ட் ஆள், இரண்டு பெண் குழந்தைகள். சாயங்காலம் ஒரு குவாட்டர் போட்டால்தான் தோள்வலி அடங்கும் என்பான். வழி நெடுக அவனுக்கு என் உபதேசம்தான். "வுட்டுடுப்பா, ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" அவனும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து "சரி சாமி, சரி சாமி" என்றபடியே தூங்கிவிடுவான்.

விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துக் குளித்து எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மெடிக்கலில் ஒரு டானிக் கொடுத்து, மூடியில் அளந்து குடிக்கச் சொன்னார்கள். சரணம் போடுகிற தொண்டையாச்சே! பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

அன்று காலை வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கண் ஒரு நொடி சொக்கியது. பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகள் மொத்தமாகச் சரிந்தன. பக்கத்தில் இருந்த லோடுமேன் தாவிக் குதித்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவன் குதிக்காமல் இருந்திருந்தால்?

விபத்து நடந்தால் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் டெஸ்ட் என்பது கம்பெனி சட்டம். மிஷினில் ஊத வேண்டும், சிறுநீரும் கொடுக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் கேட்டுக்கு வெளியேதான். முதலுதவி ரூம் வாசலில் லோடுமேன் முகம் வெளுத்து நின்றான்.

"நேத்து சாய்ங்காலம் போட்டது இன்னும் உள்ள கீதோ இன்னமோ தெர்ல சாமி. வேல போச்சுன்னா வூட்ல இன்னா சொல்றது?"

பாவமாக இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். சாமியாயிற்றே, இருக்க முடியுமா? டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்பே நேராக சேஃப்டி ஆபீசரிடம் போனேன். "சார், அந்த லோடுமேன் தெனம் சாயங்காலம் குடிக்கிறவன்தான். ஆனா தங்கமான ஆளு, ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. டெஸ்ட்ல இன்னா வந்தாலும் பாத்து செய்ங்க சார்" என்று கைகூப்பினேன். அவர் தலையாட்டினார். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

லோடுமேன் ஊதினான், பூஜ்யம். சிறுநீரிலும் ஒன்றுமில்லை. நான் ஊதினேன், பூஜ்யம். சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தேன். அதற்குள் ஆபீசர் என் சிறுநீரில் நனைத்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போதை இல்லையென்றால் வரவேண்டிய கோடு வரவில்லை.

"சாமி, என்ன சாமி இது?"

கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், சிறுநீரில் போதை மருந்து! குடோனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அழாத குறையாகப் பையிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்து நீட்டினேன். கம்பெனி டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு, "இதக் குடிச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். நான் ருசியைத்தான் பார்த்தேன், லேபிளை எங்கே பார்த்தேன்? மருந்துதானே என்று மன்னித்து, இருமல் நிற்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று என்னைப் பேக்கிங்கில் உட்காரவைத்தார்கள். தப்பித்தேன்டா சாமி என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. அதற்கு மறுநாளும் காலி. ஆபீசரிடம் போய்க் கேட்டேன்.

"தினம் குடிக்கிற ஆளை எப்படி சாமி குடோன்ல வெச்சுக்கறது? வேற ஆள் அனுப்பச் சொல்லி காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டோம்."

"டெஸ்ட்ல ஒண்ணும் வரலையே சார்?"

"டெஸ்ட்ல வரலை. நீங்கதானே சொன்னீங்க?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேடிப் போனேன். உத்திரமேரூரில் ஒரு நெல் மண்டி வாசலில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அதே தோள்.

"தப்பு பண்ணிட்டேன்பா" என்றேன். "ஆபீசர்கிட்ட மறுபடியும் கேக்கறேன். இல்லன்னா இந்த மண்டிக்காரரு எனக்குத் தெரிஞ்சவருதான். உன்னப் பத்தி ஒரு வார்த்த நல்லபடியா..."

அவன் மூட்டையை அவசரமாகக் கீழே போட்டான். உள்ளே முதலாளி கேட்டுவிட்டாரா என்று எட்டிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

"சாமி, ஒங்க கால்ல வேணா வுழறேன். எனக்கோசரம் இங்க எதுவும் பேசிடாதீங்க."