கலங்கி நின்ற தண்ணீர்

இந்தக் கொரிய நாட்டில் காலையில் எழுந்ததும் நான் கலங்கிய தண்ணீரைத் தேடிப் போகிறேன். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஆய்வுகூடத்தில் நிற்கும் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் கரும்பழுப்பாய்க் கலங்கியிருந்தால் அன்று நல்ல நாள். தெளிந்திருந்தால் வேலை கெட்டது. கல்முனைக்குடியில் பிறந்தவனுக்கு இது லேசில் பழகுகிற காரியமில்லை.

வேலை இதுதான். கண்ணுக்குத் தெரியாத செப்புத் துகள்களைக் கலந்தால் தண்ணீர் சூட்டை வேகமாய்க் கடத்தும். இயந்திரங்களைக் குளிர்விக்க உதவும். ஆனால் செப்பு சும்மா இராது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்துவிடும். அதைத் தடுக்கச் சர்ஃபெக்டன்ட் சேர்க்கவேண்டும். சவர்க்காரத்தின் இனம்தான், துகளைப் போர்த்திக்கொண்டு பக்கத்துத் துகளை அண்டவிடாது. குறைந்தால் செப்பு படியும். கூடினாலோ நுரை தள்ளும், போர்வை தடித்துச் சூடும் கடக்காது. அந்த நடு அளவு பிடிபட்டால்தான் எனக்குப் பட்டம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

வந்த புதிதில் ஒரு காலை, குப்பித் தண்ணீர் பளிங்காய் நின்றது. பேராசிரியர் உள்ளே வந்ததும், "தெளிந்துவிட்டது, சேர்" என்றேன் சிரித்த முகத்தோடு. அவர் குப்பியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அதில் உமக்கென்ன சந்தோஷம்?" என்று கேட்டார். செப்பெல்லாம் அடியில் கிடந்தது. பாடம் எனக்குத் தெரியாததல்ல. வாய் முந்திக்கொண்டது.

எப்படி முந்தாமலிருக்கும்? சுனாமி எங்கள் வளவுக்குள் புகுந்து போனபின் கிணறு நிறையச் சேறும் உப்பும். இறைத்துவிட்டு மறுநாள் எட்டிப் பார்ப்போம். என் மனைவி வஹீதா கிணற்றுக் கட்டைப் பிடித்துக் குனிந்து, "இன்னும் தெளியல்ல" என்பாள். அவளுடைய தங்கை கடலோடு போயிருந்தாள். அதைக் கதைக்காமல் வஹீதா கிணற்றைப்பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடி தெரிந்தது. அன்றுதான் வாய்விட்டு அழுதாள். எங்களுக்குக் காய்ச்சலும் தெளியும், மனமும் தெளியும். தெளிவதைக் கெட்டதென்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள்?

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்த வருடம் அளவு பிடிபட்டது. ஒரு கிழமை கடந்தும் தண்ணீர் கலங்கியபடியே நின்றது. சூடு கடத்துவதும் அளந்து பார்க்கையில் கூடித்தான் இருந்தது. கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு ஆறுதல். பேராசிரியர் தோளில் தட்டி, "பட்டம் உறுதி. பிறகும் இங்கேயே வேலை செய்யலாம்" என்றார்.

உடனே தொலைபேசியில் வீட்டுக்குக் கோல் எடுத்தேன். தண்ணி விஷயம் சரிவருகுதில்லை என்று மட்டும்தான் முன்பு வஹீதாவிடம் சொல்லியிருந்தேன்.

"புள்ள, தண்ணி கலங்கித்தான் நிக்கிது. அல்ஹம்துலில்லாஹ்."

"யா அல்லாஹ், கலங்கினதுக்கா அல்ஹம்துலில்லாஹ் சொல்றீங்க? ஒங்கட தண்ணி தெளியணும் எண்டுதானே மச்சான் நானும் உம்மாவும் ஒவ்வொரு நாளும் துஆ கேட்ட."

விளக்கியதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். அக்கரைப்பற்று பஸ்ஸை இப்போது சோதனைச் சாவடியில் மறித்து ஆட்களை இறக்குவதில்லை, பயமில்லாமல் போய்வரலாம் என்றாள். பிறகு குரல் தணிந்தது.

"அப்ப இனி என்ன எண்டு துஆ கேக்கிற? நீங்க வரணும் எண்டா, அங்கயே நிக்கணும் எண்டா?"

"ரெண்டையும் கேளு."

"ரெண்டையும் எப்பிடி மச்சான் கேக்கிற?"

ஊரில் விடியற்காலையில் சுபஹ் தொழுது அவள் கையேந்துகிற நேரம் இங்கே நன்றாய் விடிந்திருக்கும். குப்பிகளின் முன்னால் நின்று நான் ஆமீன் சொல்கிறேன். எதைக் கேட்கிறாளென்று அவள் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.