தோளுக்கு ஒரு சாண் முன்னால்

செல்லப்பனுக்கு உட்காரத் தெரியாது என்று அவன் மனைவி குஞ்சம்மாள் சொல்வாள். சோறு தின்னும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்தவைத்தபடிதான் இருப்பான், யாரோ கூப்பிட்டால் உடனே எழுந்து ஓட வேண்டும் என்பதுபோல. பண்ணையாளாகப் பிறந்த உடம்பு. அரியலூர் வழியாகக் கார்டு லைன் என்ற புது ரயில் பாதை போட ஆள் எடுத்தபோது, மீசை அரும்பாத வயதில், மாட்டுக் கொட்டகையைப் பாதி கூட்டியபடி விட்டுவிட்டு ஓடி வந்தவன். முதலில் மண் சுமந்தான். லைன் முடிந்ததும் அதைப் பழுது பார்க்கும் கேங் கூலியாகச் சேர்ந்து, சுத்தியலும் தோளுமாக அந்தத் தண்டவாளத்தோடேயே தங்கிவிட்டான். குனிந்து ஒரு பார்வை பார்த்தால் எந்தக் குறுக்குக் கட்டை இறங்கியிருக்கிறது என்று சொல்வான். வேலையில் அவனை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் மேஸ்திரி வந்தால் துண்டு தோளிலிருந்து தானாக இறங்கிவிடும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், பிறந்த ஊரில் ஒரு சாவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பையன் அரியமுத்துவுக்குப் பத்து வயது இருக்கும். தெருமுனையில் சீட்டியடித்துக்கொண்டு வந்தவனை, ஒதுங்கவில்லை என்று பண்ணை வீட்டு ஆள் ஒருவன் மாட்டுக் குச்சியால் முதுகில் ஒன்று வைத்தான். பையன் ஓடவில்லை, அழவுமில்லை. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அடுத்த அடிக்காக நின்றான்.

அடித்தவன் மேல் கோபம் வந்தது பிறகுதான். முதலில் செல்லப்பனுக்குப் பயம்தான் வந்தது. ரயில்வே லைனோரம் பிறந்து வளர்ந்த பிள்ளை, பண்ணை வாசலை மிதித்ததே கிடையாது. இப்படி நிற்க இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஊர் திரும்பும்வரை அதையே குடைந்துகொண்டு வந்தான். வீட்டு வாசலை எட்டுவதற்குள் பதில் தெரிந்துவிட்டது. தன்னைப் பார்த்துத்தான் பிள்ளை படித்திருக்கிறது. பையனுக்கு மட்டும் மாற்றிச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. பார்த்துப் படிக்கிறவனுக்கு முன்னால் நிற்கிற தானும் மாற வேண்டும். இரண்டு பேரும் சிலம்பம் படிப்பது என்று அன்றே முடிவு செய்தான். எங்கே படிப்பது என்பதுதான் அதற்குப் பிறகு அவனைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி.

அரியலூரிலேயே கடலை மண்டிக்குப் பின்னால் காசிநாதன் வாத்தியாரின் சிலம்பக் கூடம் இருந்தது. சுவரில் வெள்ளி மெடல்கள். திருவிழா என்றால் அவர் தீப்பந்தம் சுற்றுவதைப் பார்க்க நாலு ஊர்க் கூட்டம் வரும். செல்லப்பன் வாசலில் நின்றதும், வாங்க, உட்காருங்க என்று அவர் ஒரு பெஞ்சைக் காட்டினார். தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து அவன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தான். அப்போதே வெற்றிலை பாக்கு வைத்து அப்பனும் பிள்ளையும் கூடத்தில் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் வாத்தியாரின் கம்பு வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெஞ்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் கண் திறந்தது. அவன் தெருவைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் மேற்குச் சுவரோரமாகவே ஆடினார்கள். காலடியும் கம்புச் சுழற்றலும் சொல்லிக் கொடுத்தவனும் அதே தெருவில் முன்னால் படித்த ஒருவன். நடுக்களத்தில் ஊர்த் தெருப் பிள்ளைகள் வாத்தியாரோடு ஆடினார்கள். அந்தக் கம்பும் இந்தக் கம்பும் ஒருநாளும் மோதியதில்லை. எப்போது எல்லோரும் சேர்ந்து ஆடுவோம் என்று செல்லப்பன் மென்று விழுங்கிக் கேட்டான். காசிநாதன் சிரித்த முகம் மாறாமல்தான் பதில் சொன்னார்.

"எல்லாம் படிப்படியா வரும்ப்பா. இப்ப என்ன கொறைச்சல்? வந்தா உக்கார பெஞ்சு போட்டிருக்கேன்ல."

மறுநாளிலிருந்து அவன் போகவில்லை.

அடுத்ததாகத் திருமானூர்ப் பக்கம் ஒருவரைச் சொன்னார்கள். அங்கே போனால், வித்தை சும்மா வராது, முதல் வருஷம் என் கரும்புக் கொல்லையில் வேலை செய்து மனசைக் காட்டு என்றார் அவர். அதற்குப் பண்ணையிலேயே இருந்திருப்பேனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் சரிங்க சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தான். அந்தச் 'சரிங்க'வை நினைத்து வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

வாரத்துக்கு ஒருநாள் கிடைக்கிற ஓய்விலும் இப்படிப் பையனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவதைக் கண்டு குஞ்சம்மாளுக்கு அலுத்துவிட்டது.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறவன்கூட இப்படி அலைய மாட்டான். கம்பு சுத்த ஒரு எடம் வேணும், அவ்வளவுதானே? நம்ம வூட்டு வாசல்ல சுத்தேன். நாலு கோழி சாவும், வித்தையும் வந்துரும்."

அவனோடு வேலை செய்த கருப்பண்ணன் குறும்பலூர்க்காரன். அவன் ஊரிலும் ஒரு கூடம் உண்டாம். ஆனால் போகாதே என்றுதான் சொன்னான். கொளஞ்சியப்பன் என்று பெயர், செல்லப்பனைவிட வயதில் சின்னவன், மட்டு மரியாதை தெரியாது, எல்லாரையும் வாடா போடா என்பான், எத்தனை பெரிய இடமானாலும் நிற்க வைத்துத்தான் பேசுவான் என்றான். எத்தனை பெரிய இடமானாலுமா என்று செல்லப்பன் திருப்பிக் கேட்டான். ஆமாம் என்றான் கருப்பண்ணன்.

அந்த ஞாயிறே குறும்பலூருக்குப் போக, பெரம்பலூர் வரை கரி எரித்து ஓடும் பஸ்ஸில் அப்பனும் மகனும் ஏறினார்கள். பஸ் ஏற்றத்தில் இரைத்து நின்றபோதெல்லாம் செல்லப்பன் இறங்கித் தள்ளினான். கொளஞ்சியப்பனின் கூடத்தில் கூரையுமில்லை, பெஞ்சுமில்லை. ஊருக்கு வெளியே புளியமரங்களுக்கு நடுவில் மணல் கொட்டிய களம். பெரியவர்களுக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டதற்கு, கை கால் இருக்கிறதல்லவா என்றான் வாத்தியார். அரியமுத்துவின் தலையைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றிப் பொட்டு மட்டத்துக்கு மூங்கிலை அளந்து வெட்டினான். செல்லப்பனுக்கும் அப்படியே. தலையைப் பிடித்த கை ஒரு நொடி தயங்குகிறதா என்று செல்லப்பன் கவனித்தான். தயங்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாடம் முடிந்ததும் கம்பு நுனியில் துணி சுற்றி, குழைத்த கரியில் தோய்த்துக்கொண்டு ஜோடி ஜோடியாக மோதுவார்கள். எதிராளி உடம்பில் பொட்டு வைத்தால் ஒன்று. ஜோடி சேர்ப்பது கம்பை வைத்துத்தான். இரண்டு கம்பும் ஒரே உயரம் என்றால் அவர்கள் ஜோடி, வேறு பேச்சு கிடையாது. அரியமுத்துவுக்கு வாய்த்தவன் ஊர்த் தெருக் கடைக்காரர் மகன். முதல் வாரம் பையன் ஒடுங்கி நின்றான். மூன்றாம் வாரம் இரண்டு பேரும் முகமெல்லாம் கரியாக, உருண்டு சிரித்துக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு சுலபமா என்று செல்லப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஏனென்றால் அவனுக்கு வாய்த்த ஜோடி அழகேசன். ஏரிப் பாசனத்தில் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. வெள்ளைப் பனியனோடு களத்தில் இறங்குவான். செல்லப்பனின் காலடி சரியாக இருந்தது, வீச்சும் சரியாக இருந்தது. அழகேசனின் தோள் திறந்து கிடப்பதும் தெரிந்தது. கம்பு போகும். தோளுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றுவிடும். அவன் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. வாராவாரம் உடம்பெல்லாம் பொட்டு வாங்கிக்கொண்டு, ஒன்றும் வைக்காமல் வந்தான். ஊருக்குத் திரும்பியதும் தண்டவாளத்தில் சுத்தியலை ஓங்கி ஓங்கிப் போட்டான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கொளஞ்சியப்பன் கையைத் தட்டி நிறுத்தினான்.

"என்னா, இவன் ஒடம்புல சாமி கீமி எறங்கியிருக்கா? தொடாம ஆடுற?"

அழகேசன்தான் பேசினான். அவன் குரலில் எரிச்சல் இருந்தது.

"நானும் எத்தனையோ வாரமா பாக்குறேன். கம்பு கிட்ட வந்து நின்னு கும்புடுது. நெசமா ஆடாதவனை நான் ஜெயிச்சு என்ன புண்ணியம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அரியமுத்து சிரிக்கவில்லை. வாத்தியாரும் சிரிக்கவில்லை.

"இந்தா பாரு, உனக்கு நான் வித்தை சொல்லிட்டேன். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஓங்கிட்டுத் தொடாம நிக்கிறவன் நாளைக்கு ரோட்டுல செத்துப் போவான். அந்தப் பழியை நான் சொமக்க மாட்டேன். இன்னிக்கு ஒரு பொட்டாச்சும் வையி. இல்லேன்னா புள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு."

இனி தேடிப் போக வேறு கூடம் எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும், அந்த ஒரு சாண் தூரத்தை அங்கேயும் கூடவே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பது அப்போது புரிந்தது. அழகேசன் கம்பை ஏந்தி வந்தான். இரண்டு அடி விலாவில் வாங்கினான் செல்லப்பன். மூன்றாவதை மறித்தான். தோள் திறந்தது. கம்பு போயிற்று. வழக்கமான இடத்தில் கை இறுகியது. இறுகியபடியே, வலிக்க வலிக்க, அதை உள்ளே தள்ளினான்.

வெள்ளைப் பனியனில், தோளுக்குக் கீழே, ரூபாய் வட்டத்துக்குக் கரி அப்பியிருந்தது.

அழகேசன் குனிந்து அதைப் பார்த்தான். நெசமாக ஆடு என்று கேட்டவன்தான். கேட்டது கிடைத்ததும் அவன் முகம் மெல்ல மாறியது. ஒன்று, என்றான் கொளஞ்சியப்பன், எப்போதும் எண்ணும் அதே குரலில். அழகேசன் கம்பை மணலில் சாய்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாய்க்கால் பக்கம் நடந்து போனான்.

அந்த வாரம் முழுக்கச் செல்லப்பனுக்கு வேலையே ஓடவில்லை. ரோட்டில் ஆள் வைத்து அடிப்பார்களா, வாத்தியாரை மிரட்டியிருப்பார்களா, பையனைக் கூட்டிப் போவதா விடுவதா என்று மாற்றி மாற்றி நினைத்தான். பேசாமல் வீட்டில் இருந்துவிடு என்றாள் குஞ்சம்மாள், இந்தத் தடவை கேலியில்லாமல். ஞாயிறு காலை, அவன் சொல்வதற்கு முன்பே அரியமுத்து தன் கம்போடு வாசலில் நின்றான்.

குறும்பலூரில் களம் பாதி காலியாகக் கிடந்தது. அழகேசன் இல்லை. ஊர்த் தெருப் பிள்ளைகளில் பலரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் மகன் மட்டும் எப்படியோ வந்திருந்தான். செல்லப்பன் களத்தின் ஓரத்திலேயே தயங்கி நின்று, தன்னால்தான் இப்படி ஆகிவிட்டது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். கொளஞ்சியப்பன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடுகடுவென்ற முகத்தோடு வந்து, அவனை நடுக்களத்துக்கு இழுத்து நிறுத்தினான்.

"இன்னிக்கு எடம் தாராளமா இருக்கு. காலை நல்லா அகட்டி வையி."