கயிற்றுக்கு அப்பால் நிற்கும் மாஸ்டர்

சிவப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையின் கோட்டில் படிந்த தூசியைத் தட்டிவிடுகிறார் தையல்காரர். காலரை நிமிர்த்துகிறார். பொம்மையின் மூக்கைத் துடைக்கும்போது, தன் மூக்கையும் ஒருமுறை தடவிக்கொள்கிறார். இரண்டும் ஒரே மூக்கு.

தீவின் துறைமுகத்துக்கும் மலையடிவாரத்துக்கும் ஓடிய குட்டி ரயில் நின்றுபோனதும், பழைய ஸ்டேஷனை அருங்காட்சியகமாக்கினார்கள். பொம்மைக்குச் சீருடை தைக்கப் போனவரை, முகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த சிற்பி பிடித்துக்கொண்டார். இவர் முகத்தையே பொம்மைக்கு வார்த்து, நரைத்த மீசை ஒன்றை ஒட்டியதோடு சரி. "அங்க வேலைவெட்டி இல்லாம நின்னது நான் ஒருத்தன்தான்" என்பார். தையல் மாஸ்டர் அன்றோடு தெருவுக்கே ஸ்டேஷன் மாஸ்டர் ஆனார். ஞாயிறுதோறும் நுழைவுச்சீட்டு வாங்கித் தன்னைத் தானே பார்க்கப் போகிறார். "இந்த மூஞ்சியைக் காசு கொடுத்துப் பாக்கிற ஒரே ஆளு நான்தான். வீட்டுல சும்மா காட்டினாலே பாக்க ஆளில்ல."

அவர் சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும். கேட்டால், தன் நெஞ்சைத் தொட்டு, "இந்தக் கஸ்டமர் கூலி தரமாட்டான்" என்பார்.

போன ஞாயிறு, மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. காலையிலிருந்து வாயைத் திறந்து பேசாதவர். பொம்மையையும் மாஸ்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உங்க அப்பாங்களா? ரயில்வே குடும்பம்னு சொல்லவே இல்லையே."

'ஆமான்னு சொல்லித் தொலைங்க' என்பதுபோல மனைவி முழங்கையால் இடித்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அந்த ஒரு சொல் மாஸ்டரின் வாய்வரை வந்துவிட்டது. நாளைக்குச் சம்பந்தி வீட்டில் அப்பாவின் போட்டோ கேட்டால், தானே மீசை ஒட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா இல்லீங்க, நான்தான்" என்றார். "இந்த ரயில்ல நான் ஏறினதுகூடக் கிடையாது. பஸ்ல போனாலே எனக்கு வாந்தி வரும். கோட்டு தைக்க வந்தேன், பொம்மையாக்கிட்டாங்க. வீட்டுலயும் கிட்டத்தட்ட அதே உத்தியோகந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் வந்து விளையாடணுமா இந்த வாய் என்று தன்னையே நொந்துகொண்டார் மாஸ்டர்.

சுங்க அதிகாரி குனிந்து, பொம்மையின் தோள் தையலை உற்றுப் பார்த்தார். "இது நீங்க தைச்சதா?"

"ஆமாங்க. அளவு சரியில்லன்னு இன்னிக்கு வரைக்கும் திரும்பி வராத கஸ்டமர் இவர் ஒருத்தர்தான்."

அதிகாரி சட்டைப்பையிலிருந்த பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துத் தன் மனைவியிடம் கொடுத்தார்.

"கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு கோட்டு வேணும்" என்றவர், அங்கேயே, பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி, அளவெடுக்கத் தோதாக நிமிர்ந்து நின்றார்.