ஜூஜுவாடியில் கேட்ட ஓகே

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மத்தூரிலிருந்து காரில் கிளம்பினோம். தங்கை வசந்தா, மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அவள் மகன் சரவணன், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த நான். ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடியில் சரவணனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். வழியில் கிருஷ்ணகிரி; அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். சானமாவு காட்டருகே, யானை கடக்கும் இடம் என்று சரவணன் வேகத்தைக் குறைத்தான். அதற்கப்புறம் வழியெல்லாம் கம்பெனிகளும் கம்பெனி பஸ்களும்தான்.

பத்து மணிக்குப் பெண் வீட்டில் இருந்தோம். பெண்ணின் அப்பா எங்களிடம் தமிழிலும், தொலைபேசியில் கன்னடத்திலும், மனைவியிடம் தெலுங்கிலும் பேசினார். பெண் மஞ்சுளா மின்னணுக் கம்பெனியில் வேலை செய்பவள். காபி கொடுத்துவிட்டு எங்களுக்கு எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உனக்கு ஓகேவா?" என்றார் அப்பா.

"ஓகேப்பா."

வசந்தா உடனே தாம்பூலத் தட்டைத் தூக்கிவிட்டாள். சரவணன் அம்மாவின் கையைப் பிடித்தான்.

"இரும்மா. அவங்க மனசுல இருக்கறதக் கேக்கலாம்."

மஞ்சுளா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கம்பெனில சூப்பர்வைசர் எது சொன்னாலும் ஓகே சார்னுதாங்க சொல்லுவோம். சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். இப்பவும் அப்படித்தாங்க சொன்னேன்."

அப்பாவின் முகம் வாடியது. "அப்ப புடிக்கலையா?"

"அப்படியும் சொல்லலப்பா. இன்னும் ஒரு வார்த்தகூட பேசலையே."

இருவரும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் பேசினார்கள். இறங்கி வந்ததும் அவளே சொன்னாள்: "வேலைய விடமாட்டேன்னு சொல்லிட்டேங்க. இவரு, ஓசூர்லயே வீடு பாத்துக்கலாம், தோப்புக்கு நான் போய்ட்டு வர்றேன்னாரு. அடுத்த ஞாயிறு மத்தூர் வந்து பாத்துட்டு, என் முடிவச் சொல்றேங்க."

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் வசந்தா தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சரவணன் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

நான் அந்த வாரம் மத்தூரிலேயே தங்கிவிட்டேன். சொன்னபடி ஞாயிறன்று மஞ்சுளா அப்பாவோடு வந்தாள். மாந்தோப்பைச் சுற்றிப் பார்த்தாள், வசந்தா சமைத்ததை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எனக்கு முழுச் சம்மதங்க. கல்யாணம் பண்ணிக்கலாம்." வசந்தாதான் முதலில் அழுதாள்.

மறுநாள் தஞ்சாவூர் பஸ்ஸில் அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தட்டு மாற்றினார்கள். உண்மையில் நான் பாயில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.