அருணாதேவியின் சிவப்பு எண்ணெய்

பிரேக்கை மிதித்தபடி கியரை நிற்கும் ‘பி’யிலிருந்து ஓடும் ‘டி’க்கு இழுத்ததும் அருணாதேவி மூச்சைப் பிடித்துக்கொள்வார். கார் லேசாக முன்னால் உந்தும். ஒன்று எண்ணி முடிப்பதற்குள் அந்த உந்தல் வந்துவிட வேண்டும். வந்துவிட்டால், “சரி, போவோம்லே” என்று வண்டியிடம் சொல்லிவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

நாரணாபுரத்துக்காரர். வயது நாற்பத்தொன்று. சிவகாசி அச்சகங்களின் காலண்டர் மாதிரிகளைக் கடை கடையாகக் காட்டி ஆர்டர் பிடிப்பது தொழில். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலில் இரும்புப் பட்டை. கிளட்ச் மிதிக்க முடியாததால் ஆட்டோமேட்டிக் கார். பின் சீட்டில் முருகன், லட்சுமி, மெக்கா, வேளாங்கண்ணி என்று எல்லாரும் சுருண்டு கிடப்பார்கள். முன்னால் சாமி படம் ஒட்டும் இடத்தில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. கியர் எண்ணெய் கடைசியாக மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர்.

ஏழு வருடத்துக்கு முன்பு அந்தச் சீட்டு கிடையாது. அப்போது வைத்திருந்தது அவருடைய முதல் கார். ‘கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்’ என்று விற்றவர் சொல்லியிருந்தார். “யாரு ஆயுசுன்னு நான் கேக்கல பாருங்க” என்கிறார் இப்போது. தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் காலையில் கியர் விழத் தாமதமாயிற்று. வண்டிக்கு வயசாகிறது என்று விட்டுவிட்டார்.

ஓர் ஆவணி மாதம், காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்த நேரம். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் அலறியது, கார் ஏறவில்லை. மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் பட்டாசுக் கம்பெனி வேன், உள்ளே நிறையப் பெண்கள். பிரேக்கை அழுத்தியபோது இடைவெளி ஒரு சாண்தான் இருந்தது. அந்தப் பெண்கள்தான் இறங்கி வந்து வண்டியை ஓரம் கட்டினார்கள்.

மெக்கானிக் அப்துல் ஹலீம் ஒரு காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில் அந்தக் காரின் கியர் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டார். கறுப்பு. கருகிய வாடை வேறு.

“புதுசுல இது செக்கச்செவேல்னு இருக்கும்மா.”

“எண்ணெய்தானே பாய்? அம்புட்டு வேலையா செய்யுது?”

“மத்த வண்டில கியரு தேயாமப் பாத்துக்கிடும், அம்புட்டுதான். இதுல கிளட்ச அழுத்திப் பிடிக்கிறதே எண்ணெய்தான். சூட்டையும் அதுதான் வாங்கிக்கிடும். ஒங்க இடது காலு செய்ய வேண்டிய வேலைய அதுதாம்மா செய்யுது. வெந்துபோனா எப்பிடிப் பிடிக்கும்?”



உள்ளே கிளட்ச் தகடுகளும் கருகிவிட்டதால் வெறும் எண்ணெய் மாற்றித் தீரவில்லை. வண்டி மதுரைக்குப் போய்த் திரும்ப ஐம்பத்திரண்டு நாள் ஆயிற்று. அதுவரை தம்பி விக்னேஷ்குமார்தான் தன் காரில் கூட்டிப் போனார். அக்கா கடைக்குள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் அடிப்பார். “குத்தம் சொல்லல, அவனுக்கும் சோலி இருக்குல்ல. ஆனா எங்கன போகணும்னாலும் அவன்கிட்ட கேட்டுத்தான் போனேன்.” இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்கிறது.

இப்போது நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறார். மாற்றும் நாளில் ஹலீமின் பட்டறையில் ஸ்டூலை வண்டிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொள்வார். கேள்விகள் ஓயாது. அடியில் திறந்துவிட்டால் பழைய எண்ணெய் எல்லாம் வடிந்துவிடுமா? பாதி உள்ளேயே தங்குமென்றால் புதியது அதோடு கலந்துவிடாதா? “பாதிதான வடியும்? அப்ப ரெண்டு தரம் மாத்துங்க பாய்” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

போன வாரம் மல்லாங்கிணற்றில் இரும்புக்கடை பாலகுருவிடம் ஆர்டர் பிடிக்கப் போயிருந்தார். மூட்டு வலிக்காக அவரும் ஆட்டோமேட்டிக் கார்தான் ஓட்டுகிறார்.

“வண்டி வாங்கி ஆறு வருசமாச்சே அண்ணாச்சி, கியர் ஆயில் மாத்துனீகளா?”

“நல்லாத்தானே ஓடுது தங்கச்சி, எதுக்கு?” பாலகுரு காலண்டர் மாதிரி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார். “காலையில மட்டும் கொஞ்சம் யோசிச்சுத்தான் நகருது.”

அருணாதேவி அவர் கையிலிருந்து ஆல்பத்தை வாங்கி மூடினார். மேஜை மேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். “தங்கச்சி, ஆர்டர்?” என்றபடி பாலகுரு பின்னாலேயே வந்தார். அவருடைய காரின் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்ட அருணாதேவி, எட்டிச் சாய்ந்து அவருக்காக இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். “ஏறுங்க அண்ணாச்சி, ஹலீம் பாய் பட்டறைக்குப் போவோம்.”