பதினோராவது பெயர்

என் அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சாப்பிடுவாள். போகிற போக்கில் ஜன்னல் கொக்கியை மாட்டுவாள், வருகிற வழியில் குழாயை இறுக்கி மூடுவாள். என்ன அவசரம் என்று கேட்டால் நேரமாகிவிட்டது என்பாள். எதற்கு நேரமாகிவிட்டது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாய் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. "உக்காந்திருந்தா மாட்டியிருப்பேன்டி" என்பாள், நடந்துகொண்டே.

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். முப்பத்தோரு வருடமாகத் தட்டச்சர், ஓய்வுபெற இன்னும் ஐந்தே மாதம். மற்றவர்கள் தேநீர் குடித்துக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் நான்கு கடிதங்களை அடித்துவிட்டு, ஐந்தாவது எங்கே என்று அதிகாரியின் மேசைமுன் போய் நிற்பாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய தாள்களையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வார வேலையை இவள் மூன்று நாளில் முடித்தாள். அதற்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் எங்கள் கூடத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன். அவள் வேகத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

சுதந்திர தினம் நெருங்கினால் அவளைப் பிடிக்கவே முடியாது. நிகழ்ச்சி நிரல் அடிப்பது அவள் வேலை. எங்கள் நகர மண்டபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விடுதலைக்கு முந்தைய வருடம், ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் அந்த மண்டபத்தின் உச்சியில் கொடி ஏற்றப் போனார்கள். அன்றைக்கு அந்தக் கொடியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். படிக்கட்டில் வைத்துப் போலீஸார் சுட்டார்கள். பதினோரு பேர் இறந்தார்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் அதே படிக்கட்டில் நகராட்சித் தலைவர் கொடியேற்றி, இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். பிறகு ஒரு நிமிட மௌனம். பிறகு பேச்சு, பேச்சு, மறுபடியும் பேச்சு. நானும் தவறாமல் போவேன். பெயர் வாசிக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன், பக்கத்துப் பெண்மணியின் செருப்பைப் பார்த்திருக்கிறேன். எண்ணிப் பார்க்க ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

இந்த வருடம் விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு முதிய அம்மாள் வந்தார். எண்பதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை. சோதித்துப் பார்த்தேன். பவர் மாறவில்லை, பழைய கண்ணாடியே போதும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இன்னும் தெளிவாகத் தெரியும்படி ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சரியென்று, லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு, படிப்பதற்கான அட்டையை நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட தாள்கட்டு ஒன்றை எடுத்தார்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஓரத்தில் நட்சத்திர வரிசை வைத்து அடிப்பது என் அக்காவின் பழக்கம். எல்லாம் சுதந்திர தின நிகழ்ச்சி நிரல்கள், வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார். மேலே இருந்ததில் ஒவ்வொரு பெயர்மேலும் விரலை வைத்து எண்ணினார். பத்து என்றார். லென்ஸை மாற்றச் சொன்னார். மறுபடி எண்ணினார். மறுபடியும் பத்து. பிறகு தாளை என்னிடம் கொடுத்து, என்னை எண்ணச் சொன்னார். பத்துதான் இருந்தது.

அவருடைய அப்பா பட்டறையில் பெயிண்டர். ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதுகிறவர். அன்றைக்குத் தூக்கிப்போன கொடியை, பெட்டிக்கு அடிக்கும் அதே பெயிண்டால் ஒரு துணியில் தீட்டியவர் அவர்தானாம். பெயிண்ட் காய்வதற்குள் கிளம்பிவிட்டார்களாம். குண்டு பட்டு, மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்ததால் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது.

"முன்னாடியெல்லாம் வாசிச்சாங்கம்மா. நடுவுல ஒரு வருஷத்தோட நின்னுபோச்சு. காதுதான் சரியில்லன்னு நெனச்சு, இந்தத் தாள வாங்கிப் பாத்தேன். இதுலயும் இல்ல. சரி, கண்ணுதான் போச்சோன்னு இங்க வந்தேன்."

அலுவலகத்தில் கேட்கவில்லையா என்றேன். தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி, ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கேட்டா, ஏன் எடுத்தோம்னு சொல்லிடுவாங்களே. அதக் கேக்கற தைரியம் எனக்கில்ல."

விழா முடிந்த வாரமே வேறு ஊரில் இருக்கும் மகனிடம் போகிறார். இனித் திரும்பி வருவதாக இல்லை. கண்ணாடியை விழாவுக்கு முதல்நாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவர் உறையில் போட்டுக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருப்பதைப் பார்த்துத்தான் அடித்தாளாம். வயதானவர்கள் எதையாவது நினைத்துக்கொள்வார்களாம். பள்ளியில் பதினொன்று என்றுதானே படித்தோம் என்று நான் கேட்டேன். அப்படியானால் இத்தனை வருடம் நீ என்ன பார்த்துக்கொண்டு நின்றாய் என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பேசினோம். ஆனால் அவள் தட்டில் போட்டது அப்படியே இருந்தது. நடை மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் நண்பகல், வேலை நேரத்தில், கடை வாசலில் வந்து நின்றாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் அப்படி வந்ததே இல்லை. கையில் அலுவலகத்துப் பழைய கோப்பிலிருந்து எடுத்த பழுப்பேறிய ஒரு தாள், பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது. முன்பக்கத்தில் பத்துப் பெயர்கள், அடிவரை நெருக்கி. தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தின் உச்சியில் ஒற்றை வரி. ஒரு பெயர், பக்கத்தில் பெயிண்டர் என்று.

"நான் இதத் திருப்பவே இல்லடி" என்றாள்.

அந்த மூன்று நாள் வேகத்தில் முன்பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றி அதையே அச்செடுத்திருக்கிறாள். கூடத்தில் நான் எல்லோரிடமும் காட்டிய அந்தச் சான்றிதழ் என் நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து நேரே நகராட்சி ஆணையரிடம் போனாள். ஆணையர் கெட்டவர் இல்லை, ஆனால் பிடிகொடுத்துப் பேசுகிறவரும் இல்லை. ஒப்புதலான பட்டியலைக் கடைசி நேரத்தில் மாற்றினால் யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று கேள்வி வரும். அடுத்த வருடம் கூட்டத்தில் வைத்துச் சேர்க்கலாம். நீங்களும் ஐந்து மாதத்தில் போகப் போகிறீர்கள், எதற்கு வம்பு என்று அனுப்பிவிட்டார். அன்று மாலை நான் ஒரு யோசனை சொன்னேன். நிரலை அடிப்பது நீதானே, சத்தமில்லாமல் ஒரு வரியைச் சேர்த்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது?

"இருவத்திரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமத்தான் இருந்துது" என்றாள். "திரும்பவும் யாருக்கும் தெரியாமலா?"

அந்த யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன்.

விழாவுக்கு முதல்நாள் காலை, தவறு தன்னுடையது என்று தானே ஒரு கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஆணையரின் மேசையில் வைத்துவிட்டு எதிரே நின்றாள். அவர் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். இவள் வெளியே போய்த் தாழ்வாரத்தில் நடந்தாள். அரைமணி கழித்து மறுபடி உள்ளே போனாள். மூன்று முறை இப்படி. நாலு மணிக்கு அவர் பதினோரு பெயருள்ள பட்டியலில் கையெழுத்திட்டார், கூடவே அந்தக் கடிதத்தை அவளுடைய பணிப்பதிவேட்டில் சேர்க்கும்படியும் எழுதினார். அப்பழுக்கில்லாத பதிவேடு அது. அவள் கவலையெல்லாம் வேறு. "அந்தம்மா கண்ணாடி வாங்க வந்தாங்களா?" என்று மட்டும் போனில் கேட்டாள்.

அவர் வரவில்லை. கடை மூடும்வரை காத்திருந்தேன், வரவே இல்லை. முகவரி எழுதி வாங்காமல் விட்ட என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

காலையில் கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்து வாசலில் அக்கா நிலைகொள்ளாமல் இருந்தாள். வாயிலுக்குப் போவாள், மேடைக்கு வருவாள், நாற்காலி வரிசைகளை எட்டிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். கொடி ஏறியது. தேசிய கீதம் முடிந்தது. அம்மாள் இல்லை. கடைசி முறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரோ, முன்கூட்டியே ஊருக்குப் போய்விட்டாரோ என்று நான் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் பட்டியலைக் கையில் எடுத்தபோதுதான் அவர் வாயிலில் தெரிந்தார், மெதுவாக, யாரையும் பார்க்காமல் வந்தார். மூன்று பேரின் காலை மிதித்துக்கொண்டு ஓடிப்போய்க் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். நிகழ்ச்சி நிரலை இன்னும் பிரிக்கவில்லை.

தலைவர் வாசித்தார். ஒன்பது, பத்து. எத்தனையோ வருடமாகப் பத்தோடு முடித்துப் பழகியவர். பத்தாவது பெயர் முடிந்ததும் பழக்கதோஷத்தில் தாளை மடித்துத் தலையைக் குனிந்தார். கூட்டமும் குனிந்தது.

"ஐயா, இன்னும் ஒருத்தர் இருக்கார்."

அக்காவின் குரல். படிக்கட்டின் ஓரத்திலிருந்து சொன்னது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. தலைவர் திடுக்கிட்டுத் தாளைப் பிரித்தார். தேடினார். பிறகு வாசித்தார், பெயரையும் பெயிண்டர் என்பதையும். ஒரு நிமிட மௌனம் தொடங்கியது. என் அக்கா அசையாமல் நின்ற ஒரு நிமிடம் அதுதான்.

அம்மாள் அழவில்லை. விழா முடியும்வரை நேராக உட்கார்ந்திருந்துவிட்டு, குரல் கொடுத்தது யார் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு வந்தேன்.

"பேர எடுத்தது யாரும்மா?"

"நான்தான்" என்றாள் அக்கா. "பின்பக்கத்துல இருந்துது. அவசரத்துல தாளத் திருப்பிப் பாக்கல."

"வேற காரணம் எதுவும் இல்லையா? அவர் யாரையும் காட்டிக்குடுத்தார்னு... அப்படி எதுவும்?"

"எதுவும் இல்லம்மா. அவர் ஒரு தப்பும் பண்ணல. தப்புப் பண்ணினது நான்."

அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பெயர் நின்றுபோன வருடமே தெருவில் கிசுகிசுக்க ஆரம்பித்தார்களாம். பழைய ரகசியம் ஏதோ வெளியே வந்திருக்கிறது, சும்மாவா எடுப்பார்கள் என்று. கேட்டுக் கேட்டு இவரும் நம்பிவிட்டார். சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டார். மகனிடம் தாத்தாவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினார்.

"எங்க அப்பாவ நானே சந்தேகப்பட்டுட்டேன்மா" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்து, மன்னித்துவிடுங்கள் என்றாள். குரல் உடைந்துவிட்டது. எங்கள் அம்மா இறந்தபோதுகூட அடக்கிக்கொண்டவள் அவள். அம்மாள் கையை விடுவிக்கவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடு. என் பையன் படிக்கணும்."

விடுமுறை நாள். காவலாளியிடம் கெஞ்சி அலுவலகத்தைத் திறக்க வைத்தோம். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எதிரே அம்மாள், பக்கத்தில் நான். ஆறே வரி. எக்ஸ்பிரஸுக்கு அரைமணி பிடித்தது. அடிப்பாள், நிறுத்துவாள், பழுப்புத் தாளைத் திருப்பி அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பாள், மறுபடி அடிப்பாள். அச்செடுத்தாள். கையெழுத்துப் போடும் முன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. அப்புறம்தான் கையெழுத்திட்டாள்.

அம்மாள் புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பையிலிருந்து பழையதை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆறு வரியையும் விரல் வைத்து, திக்காமல் திணறாமல் வாசித்தார்.

"என் கண்ணு நல்லாத்தாம்மா இருந்திருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் போய் வெகுநேரம் வரை என் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.