அம்மா அலறிய கப்பல்

1. தொண்ணூறுகளில் ஒருநாள், அவிநாசியில் உறவினர் கல்யாணம் முடிந்து, அம்மா பட்டுச்சேலையோடே என்னைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்.
2. ஊஞ்சல்போல் ஆடும் கப்பலில் இருவரும் ஏறினோம்.
3. அது உயரே போனதும், வீட்டில் குரலே உயர்த்தாத அம்மா, இயக்குபவரிடம், "ஏனுங்க, நிறுத்துங்க! உங்களக் கும்பிடறனுங்க!" என்று அலறினார்.

இறங்கியதும் நிலைகொள்ளாமல் அவர் சேலையை இழுத்தேன். "இன்னொருக்கா போலாம்மா!"

"நான் கத்தறதக் கேக்கவா? நீயே போய்ட்டு வா கண்ணு."

உண்மையில் அதற்குத்தான். பெரியவர் ஒருவர் என்னைவிட அதிகம் பயந்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது வேறெங்கே கிடைக்கும்? தனியாக ஏறினேன். கப்பல் அதே உயரம்தான் போனது. முதல் தடவைபோல எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் இயந்திரப் பொறியாளர்; அந்தக் கப்பல் கவிழாது என்று தெரியும். அம்மா அதன்பின் எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. நான் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.